பட்டியலில் இடம்பெற்ற கட்டடமும் பழுதுபார்க்கப்படாத கட்டடமும்

மும்பையின் காலா கோடா பகுதியில், பல்கலைக்கழகத்துக்கு அருகே, எஸ்பிளனேடு மேன்ஷன் என்றொரு கட்டடம் இருக்கிறது. 1860-களின் இறுதியில் வாட்சன் ஹோட்டல் என்ற பெயரில் எழுந்த கட்டடம் அது. அதன் வார்ப்பிரும்புச் சட்டகம் இங்கிலாந்தில் செய்யப்பட்டு, கப்பலில் வந்திறங்கி, இங்கே பொருத்தப்பட்டது. வடிவமைத்தவர் ரோலண்ட் மேசன் ஆர்டிஷ் என்னும் பொறியாளர். இந்தியாவில் எஞ்சியிருக்கும் வார்ப்பிரும்புக் கட்டடங்களுள் மிகப் பழையதாக அது கருதப்படுகிறது. 1896 ஜூலை 7 அன்று லூமியேர் சகோதரர்களின் படங்கள் இந்தியாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டதும் அங்கேதான்.

ஹோட்டல் நின்றுபோன பின் அதன் அறைகள் தடுக்கப்பட்டு, வழக்குரைஞர் அலுவலகங்களாகவும் சிறு கடைகளாகவும் குடித்தனங்களாகவும் வாடகைக்கு விடப்பட்டன. மாநகரின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் அதற்கு இரண்டாம் தரத்தின் முதற்பிரிவு கிடைத்தது. 2005-இல் முகப்பின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. உலக நினைவுச்சின்ன நிதியம் 2006-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட அழிவின் விளிம்பிலுள்ள இடங்களின் பட்டியலில் அதன் பெயர் இருந்தது. 2019-இல் அங்கிருந்தோர் வெளியேற்றப்பட்டனர். இடிப்பதா, காப்பதா என்ற கேள்வி உயர் நீதிமன்றம் வரை சென்றது.

வரலாற்றுப் பெருமை, கட்டடக்கலைச் சிறப்பு, சட்டப்படியான தரம், பன்னாட்டுக் கவனம் ஆகிய நான்கும் வாய்த்த கட்டடம் ஏன் இந்த நிலைக்கு வந்தது? பொதுவாகச் சொல்லப்படும் விடை, இந்தியர்க்குப் பாரம்பரியம் குறித்த விழிப்புணர்வு இல்லை என்பது. கருத்தரங்குகளில் அடிக்கடி கேட்கும் இவ்விடை எதையும் விளக்குவதில்லை. மும்பையில் ஒரு பழைய கட்டடத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது பாரம்பரியச் சட்டம் அன்று; வாடகைச் சட்டம். முகப்பை மட்டும் படித்து, வாடகைப் பேரேட்டைப் படிக்காத நகர வரலாறு இந்த நகரத்தின் பாதி வரலாறே.

உறைந்துபோன வாடகை

பம்பாயில் வாடகைக் கட்டுப்பாடு முதல் உலகப் போர்க் காலத்தில், 1918-இல் தொடங்கியது. போர் முடிந்ததும் மறைய வேண்டிய ஏற்பாடு, இரண்டாம் போரில் மீண்டும் வந்தது. 1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1940 செப்டம்பர் முதல் நாளன்று இருந்த வாடகையையே 'நிலையான வாடகை' என வரையறுத்தது. பிரிவினைக்குப் பின் அகதிகள் வந்து குவிந்த நகரத்தில் அதற்கு நியாயம் இருந்தது. குடியிருப்போரை நடுத்தெருவில் நிறுத்தாமல் காத்த சட்டம் அது.

ஆனால் தற்காலிகச் சட்டம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு அரை நூற்றாண்டு நின்றது. சிமெண்டின் விலை ஏறியது, தச்சர், கொத்தர் கூலி ஏறியது, சொத்துவரி ஏறியது, வாடகை மட்டும் 1940-லேயே நின்றது. ஒரு கட்டடத்தின் மொத்த வாடகையைக் கொண்டு அதன் கூரையின் ஒரு மூலையைக்கூட மாற்ற முடியாத நிலை வந்தபோது, உரிமையாளர் பழுதுபார்ப்பதை நிறுத்தினார். குடியிருப்பவரோ தமக்குச் சொந்தமில்லாத சுவருக்குச் செலவிடத் தயங்கினார். இதற்கிடையில், உள்ளே வருவதற்கு ஒரு பெருந்தொகையை முன்னதாகக் கொடுத்து, பிறகு பெயரளவு வாடகையில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் 'பக்டி' முறை வேரூன்றியது. சட்டப்படி உரிமை ஒருவரிடமும், நடைமுறையில் உரிமை மற்றொருவரிடமும், பொறுப்பு எவரிடமும் இல்லாமலும் போயின.

1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மல்பே விஸ்வநாத் ஆச்சார்யா வழக்கில், தொடக்கத்தில் நியாயமாயிருந்த இந்த நிலையான வாடகை விதிகள் காலப்போக்கில் நியாயமற்றவை ஆகிவிட்டன என்று கூறியது. பின்னர் வந்த 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆண்டுக்கு 4 விழுக்காடு உயர்வை அனுமதித்தது. அவ்விகிதத்தில் ஒரு வாடகை இரட்டிப்பாக ஏறத்தாழ 18 ஆண்டுகள் வேண்டும். அடிப்படைத் தொகையே சில பத்து ரூபாய்களாக இருந்த இடங்களில் அந்த இரட்டிப்பினால் ஒரு சன்னலின் சட்டத்தைக்கூட மாற்ற முடியாது.

பழுதுபார்க்க ஒரு வாரியம், இடிப்பதற்கு ஒரு பரிசு

சிக்கலை அரசு அறியாமல் இல்லை. 1960-களில் கட்டடங்கள் அடுத்தடுத்து இடிந்து விழுந்ததையொட்டி, 1969-இல் பம்பாய் கட்டடப் பழுதுபார்ப்பு மற்றும் மறுகட்டுமான வாரியச் சட்டம் இயற்றப்பட்டது. தீவு நகரத்தின் பழைய தனியார் வாடகைக் கட்டடங்களிடமிருந்து 'செஸ்' என்ற சிறப்புத் தீர்வை திரட்டி, அந்நிதியைக் கொண்டு அக்கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என்பது ஏற்பாடு. தொடக்கத்தில் ஏறத்தாழ 19,600 கட்டடங்கள் இதன்கீழ் வந்தன. உலகில் வேறெந்த நகரமும் எளிதில் துணியாத பொதுப்பணி இது. தனியார் கட்டடங்களைத் தாங்கி நிறுத்தும் பொறுப்பை ஓர் அரசு வாரியம் ஏற்றுக்கொண்டது.

எனினும் சதுர மீட்டருக்கு இவ்வளவுதான் செலவிடலாம் என்ற உச்சவரம்பு வைக்கப்பட்டது. அதற்கு மேல் செலவாகுமெனில் அக்கட்டடம் பழுதுபார்ப்பதற்குத் தகுதியற்றது என்றாகும். அல்லது மிகுதித் தொகையைக் குடியிருப்போர் தரவேண்டும். விளைவாக, வாரியத்தின் பணி பெரும்பாலும் முட்டுக்கொடுப்பதாகவே சுருங்கியது. பூலேஷ்வர், கிர்காவ், டோங்ரி தெருக்களில் மரக்கட்டைகளும் இரும்புத் தூண்களும் தாங்கி நிற்கும் மாடங்கள் இந்த அரைகுறைப் பணியின் சாட்சிகள்.

1986-இல் மற்றொரு வழி முயலப்பட்டது. குடியிருப்போரில் 70 விழுக்காட்டினர் கூட்டுறவுச் சங்கமாகத் திரண்டால், மாத வாடகையைப் போல நூறு மடங்கு தொகை கொடுத்துக் கட்டடத்தைக் கையகப்படுத்தலாம் என்று வீட்டுவசதிச் சட்டம் திருத்தப்பட்டது. நூறு மாத வாடகை என்பது எட்டு ஆண்டு வாடகையைவிடச் சற்றே அதிகம். அதுவும் உறைந்துபோன வாடகையில். உரிமையாளர் சங்கம் வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கு முப்பதாண்டுகளுக்கும் மேல் நிலுவையில் இருந்து, இறுதியில் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் முன் சென்றது. தனியார் சொத்து அனைத்தையும் சமுதாயத்தின் பொருள்வளம் எனக் கொள்ள முடியாது என்று 2024 நவம்பரில் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. அரசமைப்பின் 39(ஆ) உறுப்பு பற்றிய இத்தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் கோட்பாட்டு விவாதமாகவே படிக்கின்றனர். அதன் பின்னணியில் இருப்பது மழைக்காலத்தில் ஒழுகும் மும்பைக் கூரைகள் என்பது வகுப்பறையில் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

1991-ஆம் ஆண்டின் மேம்பாட்டுக் கட்டுப்பாட்டு விதிகளின் 33(7) பிரிவு இன்னொரு கதவைத் திறந்தது. செஸ் கட்டும் பழைய கட்டடத்தை இடித்து, குடியிருப்போருக்கு இலவசமாக வீடு கட்டித் தருவோருக்குக் கூடுதல் தளப்பரப்புக் குறியீடு கிடைக்கும். அக்கூடுதல் தளங்களைச் சந்தை விலையில் விற்றுக்கொள்ளலாம். பின்வந்த திருத்தங்கள் இந்தச் சலுகையை மேலும் பெருக்கின. இங்கே நிகழ்ந்ததைக் கூர்ந்து நோக்க வேண்டும். பழுதுபார்ப்பதற்கு உச்சவரம்பு உண்டு. இடிப்பதற்குப் பரிசு உண்டு. அப்படியிருக்க, பழுதுபார்க்கும் உரிமையாளர் நட்டப்படுகிறார், கட்டடம் தானே நலிவடையும்வரை காத்திருப்பவர் ஆதாயம் பெறுகிறார். நலிவே முதலீடாகிவிட்டது.

அந்தக் காத்திருப்புக்கு மனித உயிர்கள் விலையாயின. 2017 ஆகஸ்ட் 31 அன்று பேண்டி பஜார் பகுதியில் ஹுசைனி கட்டடம் இடிந்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நூற்றாண்டைக் கடந்த அக்கட்டடம் மறுமேம்பாட்டுக்காகக் குறிக்கப்பட்டு, அதற்காகக் காத்திருந்ததுதான்.

பட்டியல் செய்வதும் செய்யாததும்

இந்தப் பின்னணியில்தான் 1995-இல் பாரம்பரிய விதிகள் வந்தன. அறுநூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களும் வட்டாரங்களும் மூன்று தரங்களாகப் பகுக்கப்பட்டன. இந்தியாவில் இத்தகைய நகர விதிகளுக்கு மும்பை ஒரு முன்னோடி. அவ்விதிகள் இல்லாதிருந்தால் கோட்டைப் பகுதியின் கோத்திக் வரிசை இன்று எஞ்சியிருக்குமா என்பது ஐயமே. அதற்காகப் போராடிய குடிமக்களின் பங்கு பெரிது.

ஆயினும் பட்டியல் அடிப்படையில் ஒரு தடையாணை. இடிக்காதே, மாற்றாதே, அனுமதியின்றிக் கூட்டாதே என்று அது சொல்கிறது. பழுதுபார் என்று சொல்வதற்கு அதனிடம் பணமில்லை. கட்டட உரிமையாளர் இழக்கும் வாய்ப்புக்கு ஈடாக மாற்றத்தக்க மேம்பாட்டு உரிமையை வழங்க விதிகளில் இடமுண்டு. ஆனால் அது கட்ட முடியாமற்போன மாடிகளுக்கான இழப்பீடு. தூணின் துருவை நீக்குவதற்கும் மாடத்தின் மரத்தை மாற்றுவதற்கும் ஆண்டுதோறும் ஆகும் செலவை அது நேரடியாக ஏற்பதில்லை. வாட்சன் ஹோட்டலின் கதை இந்த இடைவெளியில்தான் நிகழ்ந்தது. பட்டியல் அதை இடிக்கவிடவில்லை. வாடகை அதை வாழவிடவில்லை.

2012-இல் புதிய உத்தேசப் பட்டியல் வெளியானபோது சிவாஜி பார்க் போன்ற வட்டாரங்களில் குடியிருப்போரே அதை எதிர்த்தனர். அவர்களைப் பண்பாட்டு உணர்வற்றோர் என்று கருதிய கட்டுரைகள் வந்தன. அவர்களுடைய கணக்கு வேறு. அண்டை வட்டாரத்தில் உள்ளோர்க்குப் புதிய வீடு கிடைக்கும்போது, தம் வீடு மட்டும் பழுதுபார்க்க ஆளின்றிப் பட்டியலில் உறைந்துவிடும் என்று அவர்கள் அஞ்சினர். நகரத்தின் அனுபவத்தை நோக்கினால் அந்த அச்சத்தை ஆதாரமற்றது என்று தள்ள முடியாது.

இதற்கு மறுபுறம் ஓவல் மைதானம். கிழக்கே விக்டோரியக் கோத்திக், மேற்கே 1930-களின் ஆர்ட் டெகோ. இரண்டும் சேர்ந்து 94 கட்டடங்களுடன் 2018-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அவ்விண்ணப்பத்தின் உந்துசக்தியாக இருந்தோர் அப்பகுதிக் குடியிருப்போரும் குடிமக்கள் அமைப்புகளும். இது பாராட்டத்தக்கது. கூடவே ஒரு கேள்வியும் எழ வேண்டும். ஓவலில் இயன்றது கிர்காவில் ஏன் இயலவில்லை? கிர்காவின் கேசவ்ஜி நாயக் சாலில் 1893 முதல் பொது விநாயகர் விழா நடைபெறுகிறது. வரலாற்றுணர்வு அங்கே குறைவில்லை. குறைவது கட்டடத்தைப் பேணுவதற்கான வருவாயும், பேணினால் பயன் தமக்கே என்ற உறுதியும்.

சாலும் அதன் நடையும்

மும்பையின் 'சால்' தமிழ் வாசகர்க்கு ஒண்டுக்குடித்தனத்தை நினைவூட்டக்கூடும். நீண்ட பொது நடை, அதை ஒட்டி வரிசையாக ஒற்றை அறைகள், கோடியில் பொதுக் கழிப்பறைகள். 1896-இன் கொள்ளைநோய்க்குப் பின் 1898-இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை கட்டியவை சில. ஆலை முதலாளிகள் கட்டியவை சில. 1920-இல் ஆளுநர் ஜார்ஜ் லாயிட் காலத்தில் அமைந்த பம்பாய் மேம்பாட்டுத் துறை 50,000 அறைகளைக் கட்டத் திட்டமிட்டு, வொர்லி, நாய்காவ், டிலைல் சாலை, சேவ்ரி ஆகிய இடங்களில் 207 கட்டடங்களில் ஏறத்தாழ 16,000 அறைகளைக் கட்டியது. ஒவ்வோர் அறையும் 160 சதுர அடி. அம்பேத்கர் பரேலின் அறக்கட்டளைச் சால் ஒன்றில் ஏறத்தாழ இருபதாண்டுகள் வாழ்ந்தார். தொழிற்சங்கக் கூட்டங்களும் வாசகசாலைகளும் மராத்தி நாடகக் குழுக்களும் இந்த நடைகளில்தான் வளர்ந்தன.

மேம்பாட்டுத் துறைச் சால்கள் இப்போது இடிக்கப்பட்டு வருகின்றன. குடியிருப்போருக்கு 500 சதுர அடி வீடு இலவசமாக, அதே இடத்தில், உயர்ந்த கோபுரங்களில். இதைக் கண்டு வருந்தும் கட்டடக்கலை ஆய்வாளர் முதலில் ஒன்றை ஏற்க வேண்டும். தன் வீட்டுக்குள் ஒரு கழிப்பறை வேண்டும் என்று ஒரு பெண் விரும்புவதை மறுக்க எந்தப் பாரம்பரியக் கோட்பாட்டுக்கும் உரிமையில்லை. நடையின் கூட்டு வாழ்க்கையைப் புகழ்ந்து எழுதியோரில் பெரும்பாலோர் அந்த நடையின் கோடியில் விடியலில் வரிசையில் நின்றவர் அல்லர்.

ஆனால் இந்த ஏற்பு விவாதத்தை முடித்துவிடாது. சால்களின் உரிமையாளர் இங்கே அரசே. நூறாண்டு உரிமையாளராக இருந்தும், அறைகளை இணைத்துப் பெரிதாக்குவதையோ, ஒவ்வொன்றுக்கும் கழிப்பறை சேர்ப்பதையோ அரசு முறையான திட்டமாக மேற்கொள்ளவில்லை. வாடகைச் சட்டத்தை மட்டுமே குற்றஞ்சாட்டுவோர்க்கும் இது ஒரு பாடம். வருவாய்க் குறைவு ஒரு காரணம்; பழுதுபார்ப்பை ஒரு பொதுக் கடமையாகக் கருதாத மனப்பாங்கு மற்றொன்று. நூறாண்டு நலிவை முதலில் அனுமதித்துவிட்டு, பின்னர் இடிப்பதா, அப்படியே விடுவதா என்று இரண்டே வழிகளை முன்வைப்பது நேர்மையான கேள்வி அன்று. மூன்றாம் வழிக்கான காலம் வீணடிக்கப்பட்டது என்பதை வரலாறு பதிவு செய்ய வேண்டும்.

எதிர்வாதமும் அதன் வலிமையும்

அப்படியானால் வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டால் கட்டடங்கள் பிழைக்கும் என்று சந்தைவாதிகள் கூறுவர். இவ்வாதத்தை எளிதாக ஏற்கவும் முடியாது. 1982 ஜனவரியில் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்துக்குப் பின் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளரின் வாழ்வு நிலைகுலைந்தது. அதன்பின் ஆலை நிலங்கள் கோபுரங்களாகவும் வணிக வளாகங்களாகவும் மாறின. 1991-இன் விதி ஆலை நிலத்தை மூன்றாகப் பகுத்து, திறந்தவெளிக்கும் பொது வீட்டுவசதிக்கும் ஒவ்வொரு பங்கு ஒதுக்கியிருந்தது. 2001-இன் திருத்தம் அப்பகிர்வைக் காலியாகக் கிடந்த நிலத்துக்கு மட்டும் எனச் சுருக்கியது. 2006-இல் உச்ச நீதிமன்றமும் அதை நிலைநிறுத்தியது. வேலை போய், நிலம் போய், பரேல், லால்பாக் பகுதிகளில் அக்குடும்பங்கள் தங்கியிருக்க முடிந்தது உறைந்த வாடகையினால்தான். சந்தை வாடகை வந்திருந்தால் அவர்கள் நகரின் விளிம்புக்குத் தள்ளப்பட்டிருப்பர். கட்டடங்கள் பிழைத்திருக்கலாம், அவற்றுக்குள் இருந்த நகரம் பிழைத்திராது.

ஆகவே கேள்வியை வேறு விதமாக வைக்க வேண்டும். குடியிருப்பவரை வெளியேற்றாமல், கட்டடத்தைப் பழுதுபார்க்கும் பணத்தை யார் தருவது? வாடகைச் சட்டம் அச்சுமையை உரிமையாளர் மீது வைத்தது, அவர் சுமக்கவில்லை. 33(7) பிரிவு அதைக் கட்டுமான நிறுவனத்திடம் கொடுத்தது, அது இடித்தது. பாரம்பரியப் பட்டியல் அதை எவரிடமும் கொடுக்கவில்லை.

விடையின் கூறுகள் ஏற்கெனவே நகரத்தில் சிதறிக் கிடக்கின்றன. கூடுதல் தளப்பரப்புக்கு வசூலிக்கப்படும் கட்டணத்தின் ஒரு பகுதியைப் பழுதுபார்ப்பு நிதிக்கு மாற்றலாம். இடித்துக் கட்டுவோர்க்குக் கிடைக்கும் மேம்பாட்டு உரிமையை, பழுதுபார்த்துப் பேணுவோர்க்கும், பணி முடிந்ததைச் சரிபார்த்த பின், அதே அளவில் வழங்கலாம். வாடகையைக் குடியிருப்பவரின் வருவாயோடு இணைத்து, இயன்றவர் கூடுதலாகத் தரவும், இயலாதவரின் பங்கைப் பொதுநிதி ஏற்கவும் செய்யலாம். பழுதுபார்ப்பு வாரியத்தின் உச்சவரம்பை உண்மையான செலவோடு பொருத்தலாம். இவற்றில் எதுவும் புரட்சியன்று. பழுதுபார்ப்பதும் இடிப்பதும் ஒரே தராசில் நிறுக்கப்பட வேண்டும் என்ற எளிய கோரிக்கையே இது.

ஆய்வாளரின் பொறுப்பு

கல்விப்புலத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கட்டடக்கலைப் பாதுகாப்புப் படிப்புகள் சுண்ணாம்புச் சாந்தின் விகிதத்தையும் கல்லின் வேதியியலையும் நன்றாகக் கற்பிக்கின்றன. வாடகைச் சட்டம், செஸ் தீர்வை, கூட்டுறவுச் சங்க விதிகள் ஆகியவையும் அதே அளவு கவனத்தோடு கற்பிக்கப்பட வேண்டும். வரலாற்று மாணவர் ஒரு கட்டடத்தை ஆராயும்போது, அதை வடிவமைத்தவர் யார் என்பதோடு, அதன் கூரையைக் கடைசியாகப் பழுதுபார்த்தவர் யார், எப்போது, எந்தப் பணத்தில் என்றும் கேட்க வேண்டும். சொத்துவரிப் பதிவு, வாடகை ரசீது, வாரியக் கடிதம், நீதிமன்ற வாக்குமூலம் ஆகியவை நகர வரலாற்றின் முதன்மைச் சான்றுகள்.

இடிபடவிருக்கும் சால்களில் இப்பணிக்குக் காலம் குறைவு. ஒவ்வொரு நடையின் அளவும், அறைகள் எவ்வாறு தடுக்கப்பட்டன என்பதும், பரண்கள் எங்கே கட்டப்பட்டன என்பதும் வரைபடமாக வேண்டும். அங்கே வாழ்ந்தோரின் வாய்மொழி பதிவாக வேண்டும். வாழ்ந்தவர்கள் மாடிக்குப் போன பிறகு, அந்த நடை எப்படிப் பயன்பட்டது என்பதை எந்தக் கல்லிலிருந்தும் மீட்க முடியாது. புதிய கோபுரங்களை வடிவமைப்போர்க்கும் அப்பதிவு தேவை. மின்தூக்கிக்கும் பூட்டிய கதவுக்கும் இடையே நான்கு முதியவர் மாலையில் அமர்ந்து பேச ஓர் இடம் வேண்டும் என்பது பழமைமோகம் ஆகாது.

வாட்சன் ஹோட்டல் இடிக்கப்பட்டால் செய்தித்தாள்கள் இரங்கல் எழுதும். ஒரு சால் இடிந்து விழுந்தால் இறந்தோர் எண்ணிக்கை மட்டும் வெளியாகும். இரண்டும் ஒரே நோயால் வீழ்ந்தவை என்பதை இரண்டு செய்திகளும் சொல்வதில்லை. அதைச் சொல்வதும், ஆவணங்களைக் கொண்டு நிறுவுவதும், நகர வரலாற்றைப் படிப்போரின் கடமை. பட்டியலில் மேலும் நூறு கட்டடங்களைச் சேர்க்கக் கோருமுன், பட்டியலில் ஏற்கெனவே உள்ள கட்டடங்களின் கூரைகளை இந்த மழைக்காலத்துக்கு முன் யார் பார்ப்பார்கள் என்று கேட்பதே பாதுகாப்பின் முதற்படி.